விளையாட்டுக் கணினிப் பெட்டி: வரலாறும் மதிப்பீடும்

கணினிப் பெட்டி என்பது மேசைக் கணினியின் உள்ளுறுப்புகளைத் தாங்கிப் பாதுகாக்கும் கூடு ஆகும். தமிழ்நாட்டுக் கடைகளில் இதைக் கேபினட் என்றும், இலங்கைக் கடைகளில் கேசிங் என்றும் சொல்வர். பேச்சு வழக்கில் பெட்டி முழுவதையும் சிபியு என்று அழைப்பதும் உண்டு. உண்மையில் சிபியு என்பது பெட்டிக்குள் இருக்கும் மையச் செயலகச் சில்லை மட்டுமே குறிக்கும்.

விளையாட்டுக்காகக் கணினி சேர்ப்பவர்கள் செயலகத்தையும் வரைகலை அட்டையையும் பல நாள் ஆராய்ந்து வாங்குகிறார்கள். பெட்டியை மட்டும் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மற்ற உறுப்புகள் நான்கைந்து ஆண்டுகளில் மாறிவிடும். நல்ல பெட்டி பத்து ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். அதற்குள் வரும் ஒவ்வோர் உறுப்பின் வெப்பமும் இரைச்சலும் பெட்டியைப் பொறுத்தே அமையும்.

இன்றைய பெட்டியின் எலும்புக்கூடு 1981க்கும் 1995க்கும் இடையில் உருவானது. அப்போது கணினியில் அதிகம் சூடான உறுப்பு வேறு. இன்று அதிகம் சூடாகும் உறுப்பு வேறு. பழைய கூட்டுக்குள் புதிய வெப்பத்தை ஒரு பெட்டி எப்படிச் சமாளிக்கிறது என்பதே அதை மதிப்பிடுவதற்கான முதன்மையான அளவுகோல். இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைப் பெட்டியின் வரலாறு காட்டுகிறது.

தொடக்கம்: உலோகக் கூடு ஏன் வந்தது

1970களின் பிற்பகுதியில் வீட்டுக் கணினிகள் பலவும் தட்டச்சுப் பலகையுடன் சேர்ந்த ஒரே கூடாக வந்தன. 1977இல் வெளியான ஆப்பிள் 2 அத்தகையது. அதன் கூடு நெகிழியால் ஆனது. உள்ளே விசிறி இல்லை.

1979இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், கணினிகளிலிருந்து வெளியாகும் வானொலி அலைக் குறுக்கீட்டுக்கு வரம்பு விதித்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் படத்தைக் கணினி கெடுக்கக் கூடாது என்பது இதன் நோக்கம். அக்காலத்தில் வந்த அடாரி 400, அடாரி 800 ஆகியவற்றின் நெகிழிக் கூட்டுக்குள் கனமான வார்ப்பு அலுமினியக் கவசம் இருந்ததும் இத்தகைய குறுக்கீட்டைத் தடுக்கத்தான். மின்சுற்றை உலோகத்தால் மூடினால் குறுக்கீடு வெளியே கசியாது. எனவே முதலில் உலோகத்துக்கு இருந்த வேலை அலைகளைத் தடுப்பது. வெப்பத்தை வெளியேற்றுவது அப்போது பெரிய கவலையாக இல்லை.

ஐபிஎம் விட்டுச்சென்ற அளவுகள்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியான 5150ஐ அறிவித்தது. மேசையில் படுக்கையாக வைக்கும் உலோகப் பெட்டி, அதன்மேல் திரை. உள்ளே தாய்ப்பலகை தரைபோல் கிடந்தது. விரிவாக்க அட்டைகளைச் செருக ஐந்து செருகிடங்கள் இருந்தன. மின்வழங்கியின் திறன் 63.5 வாட். கணினி முழுவதற்கும் இருந்த ஒரே விசிறி அந்த மின்வழங்கிக்குள் இருந்தது.

1983இல் வந்த எக்ஸ்டி மாதிரியில் செருகிடங்கள் எட்டாயின. எட்டையும் அடக்குவதற்காக அவற்றின் இடைவெளி 1 அங்குலத்திலிருந்து 0.8 அங்குலமாக, அதாவது 20.32 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது. இன்று விற்கும் பெட்டியின் பின்புறத்தில் உள்ள செருகிட மூடிகளை அளந்தாலும் இதே இடைவெளிதான் கிடைக்கும். ஒரு வரைகலை அட்டை மூன்று செருகிடத் தடிமன் கொண்டது என்று சொல்லும்போது, நாம் 1983இல் முடிவான ஓர் அளவைக் கொண்டே அளக்கிறோம்.

1984இல் வந்த ஏடி மாதிரியின் மின்வழங்கி 192 வாட். மூன்றே ஆண்டுகளில் மின்திறன் மூன்று மடங்கானது. ஐபிஎம்மின் அமைப்பைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் ஒத்தியங்கும் கணினிகளைத் தயாரித்ததால் இந்த அளவுகள் உலகப் பொது அளவுகளாயின. எந்த நிறுவனத்தின் பெட்டியிலும் எந்த நிறுவனத்தின் பலகையையும் பொருத்தலாம் என்ற நிலை இப்படித்தான் பிறந்தது. தனித்தனியாக உறுப்புகளை வாங்கிச் சேர்க்கும் பழக்கத்தின் வேர் இதுவே.

அக்காலப் பெட்டிகளின் முகப்பில் டர்போ பொத்தானும், மெகாஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டும் சிறு ஒளித்திரையும் இருந்தன. அந்த எண் வேகத்தை அளந்து காட்டவில்லை. பெட்டியைச் சேர்ப்பவர் இணைப்பான்களை மாற்றி எந்த எண்ணை வைத்தாரோ அதையே அது காட்டியது. பெட்டியின் முகப்பு உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

அட்டை குப்புறப் படுத்த கதை

படுக்கைப் பெட்டியில் தாய்ப்பலகை தரையாகக் கிடந்ததால், விரிவாக்க அட்டைகள் அதன்மேல் சுவர்போல் நிமிர்ந்து நின்றன. அவற்றின் எடை நேராகப் பலகைமீது இறங்கியது. பின்னர் மேசையில் இடம் மிச்சமாவதற்காகப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் கோபுர வடிவம் பரவியது. பெட்டி நிமிர்ந்ததும் பலகை சுவராயிற்று; அட்டைகள் அந்தச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பலகைத்தட்டுகள்போல் ஆயின. அட்டை இலேசாக இருந்த காலத்தில் இதனால் தொல்லை இல்லை.

1990களின் தொடக்கத்தில் பிசிஐ என்ற புதிய செருகிட முறை வந்தது. பழைய ஐஎஸ்ஏ அட்டைகளையும் சில காலம் ஆதரிக்க வேண்டியிருந்தது. பெட்டியின் பின்புறத்தில் ஒரே திறப்பை இரண்டு வகை அட்டைகளில் ஏதேனும் ஒன்று பயன்படுத்தலாம் என்று அமைத்தார்கள். அதற்காகப் பிசிஐ அட்டையில் சில்லுகளை ஐஎஸ்ஏ அட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தார்கள். கோபுரப் பெட்டியில் ஐஎஸ்ஏ அட்டையின் சில்லுகள் மேல்நோக்கியும், பிசிஐ அட்டையின் சில்லுகள் கீழ்நோக்கியும் இருந்தன. பின்வந்த ஏஜிபியும் பிசிஐ எக்ஸ்பிரசும் இந்தப் பக்கத்தையே தொடர்ந்தன.

ஐஎஸ்ஏ மறைந்துவிட்டது. ஆனால் அதற்கு இடம் விட்டுக்கொடுத்த ஏற்பாடு மறையவில்லை. இன்று கணினியிலேயே மிக அதிகம் சூடாகும் வரைகலைச் சில்லு குப்புறப் படுத்திருக்கிறது. அதன் விசிறிகள் பெட்டியின் அடிப்பகுதியிலிருந்து காற்றை இழுக்கின்றன. கனமான அட்டை ஒரு முனையில் பிடிப்பு இல்லாமல் தொங்குகிறது. புதிய பெட்டிகளில் அட்டைக்கு முட்டுக்கொடுக்கும் தாங்கி சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுவே.

1995: ஏடிஎக்ஸ்

1995 ஜூலையில் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பு வரையறையை வெளியிட்டது. முழு அளவுப் பலகை 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்டது. முன்பு செயலகம் விரிவாக்க அட்டைகளின் பாதையில் குறுக்கிட்டதால் நீளமான அட்டைகளைச் செருக முடியவில்லை. ஏடிஎக்சில் செயலகம் மின்வழங்கிக்கு அருகே மேல்பகுதிக்கு நகர்ந்தது. பின்புற இணைப்புத் துளைகள் ஒரே சட்டகத்தில் அடங்கின.

தொடக்க வரையறையில் மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் செயலகத்தின்மேல் வீசுமாறு திட்டமிடப்பட்டது. மின்வழங்கியில் ஏற்கெனவே சூடான காற்று செயலகத்தின்மேல் பட்டதால் இம்முறை நிலைக்கவில்லை. விசிறி காற்றை வெளியே தள்ளும் வழக்கமே நின்றது. ஆனால் அந்தத் திட்டம் ஒரு செய்தியைச் சொல்கிறது: ஏடிஎக்ஸ் உருவானபோது குளிர்விக்க வேண்டிய முதன்மை உறுப்பு செயலகம்தான். வரைகலை அட்டையின் வெப்பம் அப்போது கணக்கிலேயே இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு விளையாட்டாளர்களிடையே புகழ்பெற்ற வூடூ அட்டைகள் வந்தபோதும் அவற்றுக்குப் பெரும்பாலும் விசிறி தேவைப்படவில்லை.

ஏடிஎக்சிலிருந்து சிறிய அளவுகளும் பிறந்தன. 1997இல் 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்சும், 2001இல் வியா நிறுவனத்தின் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்சும் வந்தன. இவை பொதுவான திருகுத் துளைகளைப் பகிர்வதால் பெரிய பெட்டியில் சிறிய பலகையைப் பொருத்தலாம்.

தோற்றுப்போன சீர்திருத்தம்

2004இல் இன்டெலின் பென்டியம் 4 செயலகங்கள் 115 வாட் வரை வெப்பம் வெளியிட்டன. 1993இல் வந்த முதல் பென்டியத்தின் அளவு சுமார் 15 வாட் மட்டுமே. இந்த வெப்பத்தைச் சமாளிக்க இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புதிய அமைப்பை முன்வைத்தது. முன்புறத்திலிருந்து காற்று ஒரே நேர்கோட்டில் செயலகத்தின்மேல் பாய்ந்து பின்புறம் வெளியேறும். வரைகலை அட்டையும் நிமிர்ந்து, அதன் சில்லு அந்தக் காற்றோட்டத்தைப் பார்த்திருக்கும்.

தத்துவத்தில் இது சரியான திருத்தம். ஆனால் பழைய பெட்டியும் பழைய பலகையும் இதில் பொருந்தா. இதற்கிடையே 2006இல் வந்த கோர் 2 செயலகங்கள் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடின. மாற வேண்டிய அவசரம் போய்விட்டது. அதே ஆண்டில் பிடிஎக்ஸ் முயற்சியை நிறுத்திக்கொள்வதாக இன்டெல் அறிவித்தது. அட்டை மீண்டும் குப்புறவே கிடந்தது. அதன் பின்னரும் வரைகலை அட்டையின் வெப்பம் உயர்ந்துகொண்டே போனது.

விளையாட்டுப் பெட்டி உருவாதல்

1990களின் பிற்பகுதியில் விளையாட்டாளர்கள் தம் கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் கூடி, வலையமைப்பில் இணைந்து விளையாடும் வழக்கம் பரவியது. சுவீடனின் டிரீம்ஹாக், அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய குவேக்கான் போன்ற கூட்டங்கள் இவ்வகையின. பிறர் கண்ணில் படும் பொருளாகப் பெட்டி மாறியது. பக்கத் தகட்டை அறுத்து நெகிழிச் சாளரம் பதிப்பதும், கூடுதல் விசிறிக்குத் துளையிடுவதும் கைவேலையாகத் தொடங்கிப் பின்னர் தொழிற்சாலைப் பொருளாயின.

2000களில் இரண்டு போக்குகள் எதிரெதிராக வளர்ந்தன. ஒன்று அமைதி. 2005இல் ஆன்டெக் நிறுவனம், சைலன்ட் பிசி ரிவ்யூ தளத்தின் மைக் சின்னுடன் சேர்ந்து பி180 என்ற பெட்டியை வடிவமைத்தது. அதில் மின்வழங்கி மேலிருந்து கீழே இறங்கித் தனி அறைக்குள் சென்றது. பக்கத் தகடுகள் ஒலியை அடக்கும் மூன்று அடுக்குகளால் ஆனவை. மற்றொன்று காற்று. 2006இல் அதே நிறுவனம் வெளியிட்ட நைன் ஹண்ட்ரட் பெட்டியின் உச்சியில் 200 மி.மீ. விசிறி இருந்தது. 2008இல் கூலர் மாஸ்டரின் எச்ஏஎஃப் 932 மூன்று 230 மி.மீ. விசிறிகளுடன் வந்தது. மின்வழங்கியைக் கீழே வைக்கும் முறை பின்னர் பொது வழக்காயிற்று.

2014இல் என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்440, குறுவட்டு இயக்கிக்கான இடத்தை முழுவதும் நீக்கியது. மின்வழங்கியையும் கம்பிகளையும் ஒரு மூடியால் மறைத்தது. உட்புறம் துப்புரவாகத் தெரிந்தது. பிற நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. தொடர்ந்து பக்கத்திலும் முகப்பிலும் கடினக் கண்ணாடி வந்தது.

கண்ணாடிக் காலமும் திருத்தமும்

முகப்பைக் கண்ணாடியாலோ மூடிய தகட்டாலோ அடைத்தால் அதன் பின்னால் இருக்கும் மூன்று விசிறிகளும் ஓரத்துச் சிறு இடுக்கு வழியாகவே மூச்சுவிட வேண்டும். 2010களின் பிற்பகுதியில் இத்தகைய பெட்டிகள் பெருகின. விசிறிகளின் எண்ணிக்கையும் வண்ண விளக்குகளும் விளம்பரத்தில் முன்னே நின்றன. காற்று நுழையும் வழி அடைபட்டிருந்தது.

இதை மாற்றியது அளவீடு. கேமர்ஸ் நெக்ஸஸ் போன்ற சோதனையாளர்கள் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே உறுப்புகளைப் பொருத்தினார்கள். அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி உயர்கிறது என்று அளந்து ஒப்பிட்டார்கள். முகப்புத் தகட்டைக் கழற்றிவிட்டும் அளந்தார்கள். தகட்டைக் கழற்றியதும் வெப்பம் வெகுவாக இறங்கினால், குற்றவாளி விசிறி அல்ல, முகப்பே என்று தெரிந்தது.

சந்தை மெல்லத் திரும்பியது. 2017இல் ஃபிராக்டல் டிசைன் வலை முகப்புடன் மெஷிஃபை சி பெட்டியை வெளியிட்டது. 2020இல் கோர்செயரின் 4000டி ஏர்ஃப்ளோ வந்தது. மூடிய முகப்புக் கொண்ட எச்510 பெட்டியை விற்றுவந்த என்இசட்எக்ஸ்டி, 2021இல் அதற்கு வலை முகப்பு வைத்த ஃப்ளோ வடிவத்தைக் கொண்டுவந்தது.

குப்புறக் கிடக்கும் அட்டைக்கும் விடை தேடப்பட்டது. 2018இல் வந்த லியன் லியின் ஓ11 டைனமிக், மின்வழங்கியைப் பலகைக்குப் பின்னால் நகர்த்தி அடித்தளத்தை விசிறிகளுக்குத் திறந்துவிட்டது. 2021இல் வந்த ஃபிராக்டல் டாரன்ட், மின்வழங்கியை மீண்டும் உச்சிக்கு ஏற்றி, முன்னால் இரண்டு 180 மி.மீ. விசிறிகளையும் அடியில் மூன்று 140 மி.மீ. விசிறிகளையும் வைத்தது. அடியிலிருந்து வரும் குளிர்காற்று நேராக அட்டையின் விசிறிக்குச் செல்கிறது. பிடிஎக்ஸ் அட்டையைத் திருப்பப் பார்த்தது. இந்தப் பெட்டிகள் காற்றைத் திருப்பின.

பெட்டி பாதுகாப்புப் பொருளும்கூட என்பதையும் இக்காலம் நினைவூட்டியது. 2021இல் என்இசட்எக்ஸ்டியின் எச்1 என்ற சிறுபெட்டி அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. வரைகலை அட்டையை இணைக்கும் பலகையைப் பெட்டியுடன் பிணைத்த திருகுகள் மின்குறுக்கை உண்டாக்கித் தீப்பிடிக்கக் கூடும் என்பதே காரணம்.

வெப்பத்தின் கணக்கு

2020இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 அட்டை 350 வாட். 2022இல் வந்த 4090, 450 வாட். 2025இல் வந்த 5090, 575 வாட். ஐபிஎம் 5150 கணினி முழுவதற்குமான மின்வழங்கியைப் போல ஒன்பது மடங்கு மின்சாரத்தை இன்று ஓர் அட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது.

ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். எனவே 600 வாட் வெப்பத்தை, பெட்டிக்குள் காற்று 10 டிகிரிக்கு மேல் உயராமல் வெளியேற்ற, வினாடிக்கு 0.05 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று பெட்டி வழியாகச் செல்ல வேண்டும். 60 வாட் கணினிக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். மின்வழங்கியின் ஒற்றை விசிறியே அன்று போதுமாக இருந்ததும், இன்று போதாததும் இக்கணக்கால் விளங்கும்.

பெட்டிக்குள் காற்று அறையைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. அறை 22 டிகிரியாக இருக்கும் நாட்டில் 10 டிகிரி உயர்ந்தால் 32 டிகிரி. சென்னையின் கோடையில் குளிரூட்டி இல்லாத அறை 36 டிகிரி என்றால் அதே பெட்டிக்குள் 46 டிகிரி. வெளிநாட்டுச் சோதனையில் பரவாயில்லை என்று பெயர் வாங்கிய பெட்டி நம் அறையில் திணறலாம். ஆகவே சோதனை முடிவுகளைப் படிக்கும்போது மொத்த வெப்பநிலையைப் பார்ப்பதைவிட அறைக்கு மேல் உயர்ந்த அளவைப் பார்ப்பதே பயன் தரும்.

மதிப்பிடும் முறை

1. காற்று நுழையும் வழி: முகப்பு வலையாக இருக்கிறதா, கைவிரல் நுழையாத இடுக்காக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விசிறியின் எண்ணிக்கை அதற்குப் பிறகே.

2. அட்டையின் அடிப்புறம்: அட்டைக்கும் மின்வழங்கி மூடிக்கும் இடையே எவ்வளவு இடம் உள்ளது? அடியில் விசிறி வைக்கலாமா? மூன்று செருகிடத் தடிமன் கொண்ட அட்டை மூடியை ஒட்டி அமர்ந்தால் அதன் விசிறிகளுக்குக் காற்று கிடைக்காது.

3. நீளக் கணக்கு: 330 மி.மீ. அட்டைவரை பொருந்தும் என்ற குறிப்பு, முன்விசிறி இல்லாத நிலையைக் குறிக்கலாம். முன்னால் 27 மி.மீ. தடிமன் கொண்ட நீர்க்குளிர்விப்பானும் 25 மி.மீ. விசிறியும் வைத்தால் மிச்சம் 278 மி.மீ. மட்டுமே. 304 மி.மீ. நீளமுள்ள 4090 அதற்குள் நுழையாது.

4. அகலக் கணக்கு: கோபுர வகைச் செயலகக் குளிர்விப்பான்கள் 155 முதல் 165 மி.மீ. வரை உயர்ந்து நிற்கும். புதிய வரைகலை அட்டைகளின் மின்கம்பி பக்கத் தகட்டை நோக்கி நீள்கிறது; அதை இணைப்புக்கு அருகிலேயே மடக்கினால் தொடர்பு தளரக் கூடும். பெட்டி குறுகலாக இருந்தால் கண்ணாடித் தகடே கம்பியை மடக்கிவிடும்.

5. விசிறியின் அளவு: 140 மி.மீ. விசிறி 120 மி.மீ. விசிறியைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு கூடுதல் பரப்பு உடையது. விசிறியின் வேகத்தை இரட்டித்தால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் ஏறும். ஆகவே பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதைவிட மேல்.

6. தூசி: உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியேற்றும் விசிறிகளைவிடச் சற்று வலுவாக இருந்தால், காற்று வடிகட்டி வழியாகவே நுழையும், இடுக்குகள் வழியாகத் தூசி புகாது. வடிகட்டியைப் பெட்டியை நகர்த்தாமல் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். கழற்றக் கடினமான வடிகட்டியை எவரும் கழுவுவதில்லை.

7. கட்டுமானம்: பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். சட்டம் நெளிந்தால், திருகுத் துளைகள் ஒன்றோடொன்று சேராவிட்டால், விளிம்பு கையைக் கீறினால், அந்தப் பெட்டியை விட்டுவிடலாம்.

விளக்கும் நிறமும் இந்தப் பட்டியலுக்குப் பின்னரே வர வேண்டும். வரவு குறைந்த மாணவர் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை வலை முகப்புள்ள எளிய பெட்டிக்கும் இரண்டு நல்ல விசிறிகளுக்கும் கொடுத்தால் அதே அட்டையிடமிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். சில்லு சூடாகும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே மோசமான பெட்டி, விலை கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

முடிவுரை

கணினிப் பெட்டி முதலில் அலையைத் தடுத்தது; பிறகு எந்தப் பலகையும் பொருந்தும் பொது அளவாயிற்று; பின்னர் காற்றுக்கும் அமைதிக்கும் அழகுக்கும் இடையே ஊசலாடியது. ஒவ்வொரு காலத்திலும் நல்ல பெட்டி, அக்காலத்தின் சூடான உறுப்புக்கு வழிவிட்டது. செருகிடத்தின் இடைவெளி 1983இலிருந்தும், பலகையின் துளைகள் 1995இலிருந்தும் மாறவில்லை. வெப்பம் மட்டும் இடம் மாறிவிட்டது. கடையில் ஒரு பெட்டியின் முன் நிற்பவர், குளிர்காற்று எங்கே நுழைகிறது, அட்டையை எப்படி அடைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று விரலால் கோடு போட்டுப் பார்க்கலாம். அந்தக் கோடு தடையின்றிச் சென்றால் பாதி மதிப்பீடு முடிந்தது.